ஆலப்புழையில் ஒரு மெத்தைக் கடை

கொச்சியிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் ஆலப்புழை. ஊருக்கு நடுவே வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவை போய்ச் சேருமிடம் புன்னமடைக் காயல். அதற்கப்பால் பரந்து கிடக்கிறது வேம்பநாட்டுக் காயல். நாம் களப்பு என்பதைத்தான் கேரளத்தார் காயல் என்கிறார்கள்.

நண்பர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காகக் கேரளம் போயிருந்த நானும் மனைவியும், ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்ததால் இங்கே வந்தோம். அது ஜூன் மாதம், நல்ல மழைக்காலம்.

இந்த நீர்வழி நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 1344 இல் நமது நாட்டுக்கு வந்து பாவாதமலை ஏறிய இப்னு பதூதா, அதற்கு முன்னர் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்கு உள்நாட்டு நீர்வழியாகவே போனார். அது பத்து நாள் பயணம் என்று எழுதியிருக்கிறார். ஆணியில்லாமல் தும்புக் கயிற்றால் தைக்கப்பட்ட கப்பல்களைப் பற்றியும் அவர் சொல்கிறார். கொல்லம் முதல் கோட்டப்புறம் வரையான வழியை 1993 இல் இந்திய அரசு தேசிய நீர்வழியாக அறிவித்தது. மாநில நீர்ப்போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமையகமும் ஆலப்புழையில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உத்தியோகத்தரும் மீன் கூடைக்காரிகளும் நாம் பஸ் ஏறுவதுபோல அங்கே படகு ஏறுகிறார்கள்.

உல்லாசப் பயணிகளுக்கு 'கெட்டுவள்ளம்' என்ற வீட்டுப் படகுகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கெட்டு என்றால் கட்டு. வள்ளம் நமக்கும் தெரிந்த சொல். பலா இனத்தைச் சேர்ந்த ஆஞ்ஞிலி மரப் பலகைகளைத் தும்புக் கயிற்றால் இறுக்கித் தைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசிக் கறுப்பாக்குகிறார்கள். ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைச் சுமந்த வள்ளங்கள் இவை. வீதிகளும் லொறிகளும் வந்ததும் வேலையிழந்தன. 1990களில் அவற்றின் மேல் மூங்கிலாலும் பாயாலும் கூரை போட்டு, அறை கட்டி, கட்டில் மெத்தை இட்டு வீடாக்கினார்கள்.

எங்கள் வசதிக்கு வீட்டுப் படகு கட்டாது. வாடகைக்கு ஒரு சிறிய மோட்டார்ப் படகு பிடித்தோம். மழைத் தூவானத்தில் ஆசனம் ஊறிப் போயிருந்தது. உட்கார்ந்ததும் சாரம் நனைந்தது. தலைக்கு மேலே தட்டில் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கிகள் அடுக்கியிருந்தன. நான் இரண்டை இழுத்து, ஒன்றை மனைவிக்குக் கொடுத்து, மற்றதை எனக்குக் கீழே போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்தேன். படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்த பிழை மாலையில்தான் புரிந்தது.

கரையிறங்கியதும் மழை வலுத்தது. வாய்க்கால் ஓரமாக ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். அது படகு மெத்தை தைக்கும் கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தார். என் தொப்பியைக் கண்டதும் எழுந்து, "உஸ்தாதே, இருங்கள்" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார். கோயம்புத்தூரில் தொழில் பழகியவராம், தமிழ் நன்றாகவே வந்தது. நாம் நாநா என்பதுபோல அங்கே இக்கா என்பார்கள். நானும் இக்கா என்றே அழைத்தேன்.

"மழைக்காலத்தில்தான் எங்களுக்கு வேலை. பயணிகள் குறைவு, படகெல்லாம் கரையேறும். ஒரு பக்கம் பலகை தைப்பார்கள், ஒரு பக்கம் என்ஜின் கழற்றுவார்கள். மெத்தையெல்லாம் இங்கே வரும்" என்றார்.

மூலையில் ஒரு படகு ஆசனம் பிரித்துக் கிடந்தது. மேலே ரெக்சின் பளபளவென்றிருந்தது. உள்ளே ஸ்பொன்ஜ் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. அடிப்பலகை உக்கிப் போயிருந்தது. இக்கா விரலால் தொட்டுக் காட்டினார். பருத்தி நூலால் தைத்தால் ஈரத்தில் அழுகும். பொலியெஸ்டர் நூல்தான் தாங்கும். இரும்பு ஆணி துருப்பிடித்து ரெக்சினைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகு வேண்டும். அடிப்பலகையில் துளை போடாவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியேறாது.

"எங்கள் வீட்டு செட்டியும் இப்படித்தான் மணக்கிறது" என்றார் மனைவி.

"உறையைத் தனியே கழற்றும்படி சிப் வைத்துத் தையுங்கள், இத்தா. மெத்தையைக் கிழமைக்கொரு தடவை நிமிர்த்தி வைத்துக் காற்றுப்பட விடுங்கள். மேலே துடைத்து மட்டும் பயனில்லை" என்றார் அவர்.

அப்போதுதான் ஒரு படகு முதலாளியின் ஆள் பத்துப் பன்னிரண்டு பழைய உயிர்காப்பு அங்கிகளைக் கொண்டு வந்து இறக்கினான். வெயிலில் வெளிறி, பட்டிகள் இற்றுப் போயிருந்தன. புதுத் துணி போட்டுத் தரச் சொன்னான். இக்கா மறுத்துவிட்டார். அவன் போன பிறகு காரணம் கேட்டேன்.

"மெத்தை கெட்டால் முதுகு நோகும், அவ்வளவுதான். இது கெட்டால் பிள்ளை போய்விடும். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கிறது. புதுத் துணி போட்டால் ஆளுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும், உஸ்தாதே."

பிறகு விளக்கினார். முன்பு இந்த அங்கிகளில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். இப்போது தண்ணீர் உறிஞ்சாத நுரை. அதில் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் மனிதனை மிதக்க வைக்கிறது. மேலே உட்கார்ந்து உட்கார்ந்து நசுக்கினால் அந்தக் காற்று குறையும், மிதக்கும் சக்தியும் குறையும்.

நான் தலையைக் குனிந்தேன். காலையில் நடந்ததைச் சொன்னேன். "நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று மெல்லச் சிரித்தார். அவருடைய சிரிப்பு எனக்கு ஆறுதலாக இல்லை.

2023 மே 7 ஆம் திகதி மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் பலர், சிறுவர்கள் பலர். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அநேகர் அங்கி அணிந்திருக்கவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2021 நவம்பரில் நமது கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நாம் கபுறில் வைக்கவில்லையா?

படகில் ஏறும் மனிதர் தம் உயிரைப் படகுக்காரரிடம் அமானிதமாகக் கொடுக்கிறார். அதைக் காப்பது அவருடைய கடமை. ஆனால் கேட்டு வாங்குவது நம்முடைய கடமை. அங்கியைக் கேட்டால் வெட்கம், அணிந்தால் உடுப்புக் கசங்கும், அபாயா மேல் போட்டால் அழகில்லை என்றெல்லாம் நினைக்கிறோம். விடுமுறைக்கு மாதுகங்கைக்கோ பெந்தோட்டைக்கோ போகும் தாய்மார்கள் மூன்று காரியம் செய்யுங்கள். ஏறுமுன் ஆட்களை எண்ணுங்கள். கூடுதலாகத் தோன்றினால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அங்கி கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குப் பிள்ளையின் அளவிலேயே கேளுங்கள், பெரியவரின் அங்கியிலிருந்து பிள்ளை நழுவிவிடும். பட்டியைப் பூட்டி, தோள் பக்கம் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது சரியில்லை.

மறுநாள் காலை அரசாங்கப் படகில் இன்னொரு தடவை காயலுக்குப் போனோம். ஆசனம் நனைந்துதான் இருந்தது. அங்கியை மார்பில் கட்டிக்கொண்டு, நனைந்த பலகையிலேயே உட்கார்ந்தேன். மனைவி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தம் அங்கியின் பட்டியை மட்டும் ஒரு தடவை இழுத்து இறுக்கிக்கொண்டார்.