யாருக்குப் போட்ட புள்ளி?

உலகத்தில் வாழ்வதற்குச் சிறந்த நகரம் எது என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நம்ம தோட்டம் எத்தனையாவது?" என்று ஒரு மாணவி கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லண்டனிலுள்ள எக்கனமிஸ்ட் குழுவின் ஆய்வுப் பிரிவு 173 நகரங்களுக்குப் புள்ளி போடுகிறது. 2022 முதல் 2024 வரை வியன்னா முதலிடம், 2025இல் கோப்பன்ஹேகன். நூற்றில் அமைதிக்கு 25, பண்பாடு, சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, சாலை, தண்ணீர், வீடு போன்ற வசதிகளுக்கு 20. கல்விக்கு 10தான்! வெளிநாட்டுக்கு அதிகாரிகளை அனுப்பும் கம்பெனிகளுக்கு இது உதவும். புள்ளி மிகக் குறைந்த ஊருக்குப் போகிறவருக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை கூடுதல் படி கொடுக்கலாமாம். விலைவாசி இந்தக் கணக்கில் சேராது.

2016இல் லோன்லி பிளானட் நம் ஈப்போவை ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களில் ஆறாவதாக வைத்தது. அது வந்து போகிறவர்களின் பட்டியல்.

அந்த வாரமே மாணவியின் தாயார் வந்தார்.

"டீச்சர், அவருக்கு ஈப்போவுல வேல கெடச்சிருச்சு. போகலாமா?"

எங்கள் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள். அவர் வீட்டில் மட்டும் மூன்று பேர். 'பொறுத்துப் போங்களேன்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தாளை எடுத்துக் கோடு போட்டேன். லயத்தில் வாடகை இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கம் உண்டு, கோயில் எதிரிலேயே. அடுக்குமாடியில் வாடகை உண்டு, தெரிந்த முகம் இல்லை. தோட்டமே ஜெயித்துவிடும் போலிருந்தது.

"மாமியாருக்கு வாரம் மூணு நாள் ரத்தச் சுத்திகரிப்பு. விடியுமுன்னே வாடகைக் காரு பிடிச்சு ஈப்போ போறோம். அதுக்கு எத்தன புள்ளி டீச்சர்?"

தாளை மடித்துவிட்டேன். "போய் வாங்கம்மா. பக்கத்திலே தமிழ்ப்பள்ளி இருக்கான்னு மட்டும் முதல்லே பாருங்க" என்றேன். மாற்றுப் பாரங்களை நானே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது பதினாறு பிள்ளைகள். அந்தப் பெண்ணின் நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கேள்வி நினைவுக்கு வருகிறது. ஊருக்குப் புள்ளி போடுவதில் தவறில்லை. அந்த வீட்டில் இருப்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும்.