மப்பு வானமும் சியாக்காப் மீனும்

மழை தூறினால் போர்வைக்குள் சுருண்டுகொள்வது நம்மில் பலருக்கு வழக்கம். நானோ வானம் மப்புப் போட்டதும் தூண்டில் கம்பைத் தேடுபவன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்!

காப்பாரிலிருந்து கடலோரம் போனால் தோக் மூடா கம்பம் வரும். அங்குள்ள படகுத்துறையின் தூண்களில் சிப்பி அப்பியிருக்கும். தமிழ்நாட்டில் கொடுவா எனப்படும் சியாக்காப் மீனுக்கு இப்படிப்பட்ட தூண்களின் நிழல்தான் வீடு. துரத்திப் பிடிப்பதை விட, ஒளிந்திருந்து பக்கத்தில் வரும் இறாலை லபக்கென்று விழுங்குவதே அதன் சுபாவம். வெயிலில் நிழலை விட்டு அசையாது. தூண்டிலைத் தூணுக்கு ஒரு முழத்துக்குள் போட்டால்தான் உண்டு. மந்தாரம் போட்டாலோ, வெளிச்சம் மங்குவதால் துணிந்து வெளியே உலவும். தூறல் நீர்ப்பரப்பைக் கலைப்பதால், மேலே நிற்கும் நம் உருவமும் அதற்குச் சரியாகத் தெரியாது. போதாததற்கு, தோட்டத்துக் கால்வாய்களிலிருந்து மழைத்தண்ணீர் குஞ்சு மீன்களை அடித்துக்கொண்டு வரும். சியாக்காப்புக்கு அது கல்யாணப் பந்தி!

ஆனால் மூன்று நாள் விடாமல் கொட்டி, ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடினால் வீட்டிலேயே இருங்கள். கடல்நீரின் ஏற்றவற்றத்தையும் பார்க்கவேண்டும். கிள்ளான் கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கு மேல்கூட நீர் ஏறி இறங்கும். அது ஏறத் தொடங்கும் நேரமே எனக்குப் பிடித்தது. உயிர் இறாலைத் தலைக் கொம்புக்குக் கீழே, கறுப்புப் புள்ளியைத் தொடாமல் முள்ளில் கோத்தால் நெடுநேரம் துள்ளும். நரம்பின் நுனி தடிமனாக இருக்கட்டும். இந்த மீனின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும். விரலும் பத்திரம்!

தூறல் வேறு, இடி வேறு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து கறுத்த மேகம் வரிசைகட்டி வருவதுண்டு. இடிச் சத்தம் கேட்டதுமே, மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கம்பைப் போட்டுவிட்டு ஓடுங்கள். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். திறந்த துறையில் நாம்தான் உயரமான பொருள்.

இன்னொரு சங்கதி. சியாக்காப் பொதுவாக ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். இரண்டு கிலோ அளவில் இருப்பவை பெரும்பாலும் ஆண். நான்கு கிலோவைத் தாண்டியவற்றில் பெரும்பகுதி பெண். கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் கூண்டில் வளர்த்தவை. ஆற்றுமுகத்தில் முட்டையிட மிஞ்சியிருப்பது இந்தத் தாய் மீன்கள்தான். அதனால் பெரியதாக மாட்டினால் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன்.

மார்க்கெட் விலை அறிந்த என் மனைவிக்கு இது பொறுக்குமா? "பிள்ளைத்தாய்ச்சியைச் சட்டியில் போடலாமா?" என்று கேட்டேன்.

"சரி, ரெண்டு கிலோவில ஆம்பிளையாப் பார்த்துப் பிடிச்சிக்கிட்டு வாங்க. புளி கரைச்சு வைக்கிறேன்" என்றாள்.