நோய்க்கு முன்னே வந்த வதந்தி

வரலாற்றைப் புரட்டுகையில் நம் நெஞ்சை உலுக்கும் நாள் 1349 பிப்ரவரி 14. கிணறுகளில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்புகின்றனர் எனும் பழி சுமத்தப்பட்டு, ஸ்ட்ராஸ்பர்க் நகரின் யூதர்கள் நூற்றுக்கணக்கில் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்நோயோ, அதுவரை அந்நகரை எட்டியிருக்கவேயில்லை! அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியாவே என்பதை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்தார்.

1348இல் அதே நோய் டமாஸ்கஸைத் தாக்கியபோது நிகழ்ந்தது வேறு. முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி, ஒன்றாக நடந்து சென்று இறைவனிடம் மன்றாடியதைக் கண்ணால் கண்டு பதிவு செய்துள்ளார் இப்னு பதூதா.

கொரோனாக் காலத்தில் நம் சமூகத்தின் மீதும் இத்தகைய பழி விழுந்தது. அதன் வலியை நாம் அறிவோம். ஆகவே, பிறரைப் பழிக்கும் செய்தி நம் கைப்பேசிக்கு வருமானால், தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் (49:6) இடும் கட்டளையை முதலில் நாமே பேணுவோம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!