நாமும் எமது மொறிஸ் மைனரும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் எம்மிடம் கட்டுரை ஒன்று கேட்டனர். சென்ற ஆண்டுகளில் புணர்ச்சி விதிகளைப் பற்றியும் ஈழத்து உரையாசிரியர்களைப் பற்றியும் எழுதிக் கொடுத்தோம். அவற்றைத் தட்டச்சுச் செய்த அன்பரைத் தவிர வேறெவரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இம்முறை, சனிக்கிழமை தோறும் பாடசாலை வாயிலில் பெற்றோரும் மாணவரும் எம்மிடம் ஓயாது கேட்கும் வினா ஒன்றுக்கே விடை எழுதலாமெனத் துணிந்தோம். வினா இதுதான்: "மாஸ்டர், உந்தப் பழைய காரை ஏன் இன்னும் கட்டி மாரடிக்கிறியள்?"

எமது கார் 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரை அடுத்த கௌலித் தொழிற்சாலையில் பிறந்த மொறிஸ் மைனர். எமக்கு அது பதினோரு வயது மூப்பு. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வகைக் கார் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. மாதிரிக் காரைப் பார்த்த அவருக்கு அதன் அகலம் போதாது என்று பட்டதாம். உடனே நீளவாக்கில் இரண்டாக அறுப்பித்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். முன்மூடியின் நடுவே இன்றும் ஓடுகின்ற அந்தப் பட்டையான மேடு அவ்வறுவையின் தழும்பேயாகும். பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. உற்பத்தி நின்ற 1971 வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. அவற்றுள் சில கடல் கடந்து யாழ்ப்பாணத்துச் செம்மண் ஒழுங்கைகளுக்கும் வந்து சேர்ந்தன. அங்ஙனம் வந்த ஒன்றைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

இப்போதைய வண்டியை 2014இல், எமது தெருவில் மூன்று வீடு தள்ளி வாழ்ந்த ஆங்கிலேய முதியவர் ஒருவரிடம் வாங்கினோம். கண்பார்வை குன்றியமையால் அவர் விற்க நேர்ந்தது. சாவியைத் தந்தபோது ஒரு சிறு சுத்தியலையும் சேர்த்துத் தந்தார். அதன் பயன் யாதென அன்று எமக்கு விளங்கவில்லை. ஒரு மாதத்தில் விளங்கிற்று. பொனற்றின் உள்ளே, இயந்திரத்துக்கும் சாரதிக்கும் இடைப்பட்ட தகட்டில், பெற்றோலை இறைக்கும் மின்பம்பி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது 'டிக் டிக்' என்று பல்லி சொல்வதுபோல ஒலிக்கும். காபுரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். பல்லி சொல்லாத நாளில் பயணமில்லை. அதன் உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகிப்போனால் பம்பி வாய் மூடிவிடும். அப்போது சுத்தியலால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்ளும், எப்போதுமன்று.

நோய்களெல்லாவற்றையும் எழுதப் புகின் இம்மலரின் விளம்பரப் பக்கங்களும் போதா. முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளுக்குக் குறித்த மைலுக்கொரு தடவை கிறீஸ் அடிக்காவிடின், ஒருநாள் சில்லு மடிந்து வண்டி முழங்காலிட்டுவிடும். பிரேக் எண்ணெய்க் கலத்தையோ சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிக் கம்பளத்தைக் கிளப்பும்போதெல்லாம் துருவின் புதிய பொத்தல் ஒன்று எம்மை வரவேற்கும். மழை நாளில் மின்பொறி ஈரத்தில் செத்துப்போகும். மார்கழிக் குளிரில் சூடேற்றி முழங்காலை மட்டும் நலம் விசாரிக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். எமது யானைக்கு இருப்பதற்கே ஆண்டுதோறும் ஆயிரம் பொன் வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு வீதிவரி இல்லை. 2018 முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆயினும் நாம் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுசெல்கிறோம். அரசாங்கம் நம்பினாலும் எமக்கு நம்பிக்கை வரவில்லை. 2021 செப்ரெம்பரில் இந்நாட்டுச் சாதாரணப் பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கத் தொடங்கினார்கள். அது பழைய இறப்பர்க் குழாய்களை அரிக்கும் என்பதால் விலை கூடிய பெற்றோலையே ஊற்றுகிறோம். மண்ணெண்ணெய் குடித்து உயிர் வாழ்ந்த குலத்துக்கு இந்தச் சொகுசு!

இவ்விடத்தில்தான் அந்த முதலாவது காரைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது.

இணுவிலில் எமது பாட்டனார் புகையிலை விற்ற காசில் 1962இல் ஒரு மொறிஸ் மைனர் வாங்கினார். ஊரில் கலியாணமா, பிள்ளைப்பேறா, அதுவே வண்டி. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் அடியோடு அற்றுப்போயிற்று. மாணவச் செல்வங்களே, நீங்கள் நம்பமாட்டீர்கள். யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதன்பின் மண்ணெண்ணெயில்தான் ஓடின. பெற்றோல் இயந்திரம் மண்ணெண்ணெயை எளிதில் ஏற்காது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை, ஆவியாகாதது பற்றுவதில்லை. ஆதலால் முதலில் சில துளி பெற்றோலைச் சிறிஞ்சினால் காபுரேற்றரின் வாயில் விடவேண்டும். பற்றறியில் உயிர் இராது. முன்னாலிருந்து ஒருவர் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றவேண்டும். இயந்திரம் பிடித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய். வெண்புகை கக்கும்; கண் எரியும்; உடுத்த வேட்டி மூன்று துவையல் வரை மணக்கும். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து கீழிறங்கி இயந்திர எண்ணெயைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். சந்தியிலிருந்த கராஜ்காரர் சொல்வார்: "தம்பி, இது இப்ப கார் இல்லை, கறவை மாடு. கை பழகினவைக்குத்தான் சுரக்கும்."

அந்தச் சிறிஞ்சுப் பெற்றோல் பொன்னினும் அரிது. கடைகளில் சிறு போத்தல்களில் அளந்து விற்றார்கள். எமது தந்தையார் அதனைப் பாணி மருந்துப் போத்தல் ஒன்றில் நிரப்பி அரிசிப் பெட்டியின் பின்னால் வைத்திருப்பார். சிறிஞ்சு பிடிப்பது எமது வேலை. கைபிடி சுற்றுவது அவர் வேலை. பதினாறு வயதில் அதைவிடப் பெரிய பதவி எமக்கு இருந்ததில்லை.

1995 ஐப்பசியில் ஒரு நாள் அயல்வீட்டு அம்மையார் ஒருவரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லவேண்டி வந்தது. அவசரம். துளிகளை விட்டு, இயந்திரம் பிடித்ததும் போத்தலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் காரில் ஏறினோம். மூடியை வாயில் வைத்த நினைவு உண்டு. திருகிய நினைவு இல்லை.

சில நாட்களின் பின், ஒக்ரோபர் 30ஆந் திகதி, வலிகாமம் முழுவதையும் விட்டு வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். அன்றிரவு இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர் என்பதை வரலாறு அறியும். எமது வீட்டில் நடக்க மாட்டாத அப்பாச்சி இருந்தார். கார் இருக்கிறதென்ற துணிவில் எவரும் பதறவில்லை. தந்தையார் போத்தலை எடுத்தார். அடியில் ஒரு விரற்கடை எஞ்சியிருந்தது. அதுவும் உயிர்போன பெற்றோல். எளிதிற் பற்றக்கூடிய மெல்லிய பகுதி பறந்துபோய்விட, மிச்சம் மண்ணெண்ணெயிலும் மேலானதாய் இருக்கவில்லை. நாம் அதைச் சிறிஞ்சில் இழுத்து விட்டோம். அவர் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். கை கொப்புளித்து உடையும்வரை சுற்றினார். பிறகு கைபிடியைக் கழற்றி, துணியால் துடைத்து, ஆசனத்தின் கீழ் வைத்தார். அதை ஏன் துடைத்தாரென்று இன்றுவரை எண்ணிப் பார்க்கிறோம்.

அப்பாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சேலையால் தந்தையாரின் முதுகோடு சேர்த்துக் கட்டினோம். நாவற்குழிப் பாலத்தில் மழை. சனநெரிசலில் ஓர் அடி வைப்பதற்கு ஒரு யுகம் சென்றது. சாவகச்சேரியில் தஞ்சமடைந்த பள்ளிக்கூட மண்டபத்தில், அவ்வாண்டு மார்கழி பிறக்கு முன்னரே அப்பாச்சி காலமானார். 1996இல் வீடு திரும்பியபோது கொட்டில் சரிந்து காரின்மேல் கிடந்தது, சில்லுகளில்லை, இயந்திரமில்லை. ஆசனத்தின் கீழ் அந்தக் கைபிடி மட்டும் இருந்தது.

தந்தையார் 2004இல் மறைந்தார். போத்தலை இறுதியாகக் கையாண்டவர் யாரென்று அவர் ஒருநாளும் எம்மிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்றே நினைக்கிறோம். ஏழாண்டு ஆசிரியப் பணியில் எத்தனையோ பிள்ளைகளிடம் "செய்ததை ஒப்புக்கொள்" என்று உரத்துச் சொன்ன நாம், எமது வீட்டில் அதைச் செய்யாமலே 2008இல் நாட்டைவிட்டு வந்தோம்.

நிற்க. 1990களில், மொறிஸ் மைனருக்கான தகட்டு உறுப்புகளை இலங்கையிலே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள் என்ற செய்தியை இங்கு வந்தபின் அறிந்தோம். ஒரே தீவில், வடக்கே ஒரு பிளக்கு நுழையமுடியாத காலத்தில், அதே காருக்குக் கதவும் மட்காடும் கப்பலேறியிருக்கின்றன. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறோம்.

முதியவரின் வாசலில் அந்தக் காரைக் கண்ட அன்று வாங்கவேண்டும் என்ற எண்ணமே எமக்கு இல்லை. பொனற்றைத் திறந்து காட்டினார். காபுரேற்றரின் வாய் தெரிந்தது. கை தானாக எழுந்தது. அவ்வளவுதான். பழைமை மோகம் என்று நண்பர்கள் சொல்வர். மறுத்ததில்லை. எம் இல்லாள் மட்டும், "உங்கட காரில ஏறிறதெண்டால் முதல் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கோணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவருக்குக் கதை தெரியும்.

ஆயினும் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. எமது நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்கு மூன்று மாதம் பாடமாக்கியிருந்தாள். தகப்பனாருக்குச் சனிக்கிழமை கடை. ஆகையால் பிள்ளையையும் தாயாரையும் நாமே அழைத்துச் செல்வதாக ஏற்றுக்கொண்டோம். நோர்த் சேர்க்குலர் வீதியை அடைவதற்கு முன் பல்லி வாயை மூடிற்று. சுத்தியலால் தட்டினோம், கேட்கவில்லை. தாயார் இறங்கித் தள்ள, வண்டியை ஒரு பக்கத் தெருவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினோம். வாடகைக் காருக்கும் மீட்பு வண்டிக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு நின்றோம். மழை. எவ்வண்டியும் வரவில்லை. பின்னாசனத்திலிருந்து அந்தப் பிள்ளை கேட்டாள்: "சேர், நான் இஞ்சையே ஒருக்காச் சொல்லிப் பார்க்கட்டோ?"

சொன்னாள். ஒரு சொல்லும் தவறவில்லை. ழகரம் மணிபோல ஒலித்தது. அவளுடைய பேச்சின் தலைப்பு 'காலந் தவறாமை'.

நாம் மண்டபத்தை அடைந்தபோது அவளுடைய பிரிவு முடிந்து நடுவர்கள் எழுந்துவிட்டனர். அவர்கள்மீது பிழையில்லை. வீடு திரும்பும் வழியில் தாயார் எம்மைத் தேற்றினார், பிள்ளை உறங்கிப்போனாள். நாம் அன்றிரவு கராஜில் நின்று, பம்பியைக் கழற்றி, கருகிய முனைகளைப் பார்த்தோம். ஒரு மாதமாகவே அது தயங்கித் தயங்கி ஒலித்தது எமக்குத் தெரியும். புதியதொன்றை வாங்கலாம், அடுத்த கிழமை பார்க்கலாம் என்றிருந்தோம். மூடியைத் திருகாமல் இரண்டாவது முறையும் ஓடியிருக்கிறோம்.

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தந்தை, தாய், பிள்ளை மூவரின் முன்னிலையிலும் நடந்ததை மறைக்காமல் சொன்னோம்: பம்பி பழுதென்று தெரிந்தும் புறப்பட்டோம், பிழை எம்முடையது என்று. இணுவில் போத்தலையும் சொன்னோம். அதை முன்பு எவருக்கும் சொன்னதில்லை, இல்லாளுக்குத் தவிர. தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தேத்தண்ணி குடியுங்கோ மாஸ்டர், ஆறுது" என்றார்.

அதன்பின் இரண்டு முடிவுகள் செய்தோம். பாடசாலை அலுவலுக்குப் பேருந்து. பிறர் பிள்ளைகளை எமது காரில் ஏற்றுவதில்லை. காரை விற்பதா என்பது மூன்றாவது. அதில் இன்னும் முடிவில்லை. விலை கேட்டு ஒருவர் வந்தார். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, புதிய பம்பிக்குப் பாராட்டுச் சொல்லி, பழைய துருவுக்கு விலை குறைத்தார். நாமும் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினோம்.

இவ்வாண்டுப் போட்டிக்கு அந்த மாணவியோடு பேருந்தில் போனோம். ஒரு மணி நேரம் முன்னரே போய்க் குளிரில் நின்றோம். இரண்டாம் பரிசு. அடுத்த ஞாயிறு தகப்பனார் அவளை அழைத்துக்கொண்டு எமது வீட்டுக்கு வந்தார். அவளுக்குப் பல்லியின் சத்தம் கேட்கவேண்டுமாம். கராஜைத் திறந்து, சாவியைத் திருப்பினோம். பொனற்றின் மேல் காதை வைத்து அவள் எண்ணினாள். பதினேழில் நின்றது.

"பழுதாப் போச்சோ, சேர்?"

"இல்லைப் பிள்ளை, நிரம்பியிட்டுது" என்றோம். பிறகு சுவரில் தொங்கிய இரும்புக் கைபிடியை எடுத்து, துணியால் துடைத்து, முன்னால் செருகினோம். அவளுடைய தகப்பனார் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, "விடுங்கோ மாஸ்டர், நான் சுத்திறன்" என்றார்.