போடிமெட்டு ஏறும் முன்... கியர் பாக்ஸ் சூட்டையும் கவனியுங்கள், கொக்கியையும் கவனியுங்கள்!

விடியும் முன்பே விழித்துக்கொள்ளும் ஊர், தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். தெருவோரம் வரிசைகட்டி நிற்கும் ஜீப்புகளில், கையில் தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறி உட்காருகிறார்கள். கேரள எல்லைக்கு அப்பால் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்க வேண்டும். மலையில் விளையும் ஏலக்காய்க்கு ஏலம் நடப்பது போடியிலும், இடுக்கி மாவட்டம் புற்றடியிலும். ஆளும், உரமும், காய் மூட்டையும் அன்றாடம் இந்த மலைச்சாலையை நம்பித்தான் இருக்கின்றன.

இப்போது ஜீப்புகளுக்கு நடுவே விவசாயிகளின் சொந்த எஸ்.யூ.வி. வண்டிகளும் ஏறுகின்றன. அவற்றில் பல, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள். ஓட்டுவது சுலபம். ஆனால், மலை ஏறும்போது அந்த வண்டி படும் பாடு ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சிக்கலே அங்கேதான்.

17 வளைவுகள்

போடியைத் தாண்டி முந்தல் வந்ததும் சமவெளி முடிகிறது. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இது. சுமார் 1,200 அடி உயரத்தில் இருக்கும் போடியிலிருந்து, சுமார் 4,500 அடி உயரத்தில் இருக்கும் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் பாறையும் மண்ணும் சரிந்து சாலையில் விழுவதுண்டு. அப்போது வாகனங்கள் நின்று, நகர்ந்து, ஊர்ந்துதான் போக முடியும்.

கையால் கியர் போடும் ஜீப்பில் கிளட்ச் கருகினால் வாடை வந்துவிடும். டிரைவர் உஷாராகிவிடுவார். டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தக் கிளட்ச் மிதியே கிடையாது. இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவதில் கியர் ஆயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. பாரத்தோடு மெதுவாக ஏற ஏற, அந்த ஆயில் உள்ளுக்குள் அலைக்கழிந்து சூடாகிறது. டேஷ்போர்டில் தெரியும் மீட்டர் இன்ஜின் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். அது நடுவில் நிற்கும்போதே கியர் பாக்ஸ் ஆயில் கொதித்துக்கொண்டிருக்கலாம். ஏ.எம்.டி. வகை வண்டியில் இருப்பது வழக்கமான கிளட்ச் என்பதால், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சூடு காட்டும் மீட்டர்

அதனால்தான் மலையில் பாரம் ஏற்றுகிறவர்கள் கியர் பாக்ஸுக்குத் தனியாக வெப்ப மீட்டர் வைக்க வேண்டும். பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை பயமில்லை. 110-ஐத் தாண்டினால் கீழ் கியருக்கு மாற்றி, ஏ.சி.யை நிறுத்தி, நிதானமாக ஏற வேண்டும். 120-ஐத் தொட்டால் வளைவு இல்லாத, அகலமான இடம் பார்த்து ஓரம் கட்ட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரை 'பி'யில் போட்டுவிட்டு, இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓட விட வேண்டும். உடனே அணைத்தால் ஆயில் கூலர் வழியாகச் சுற்றுவது நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

சென்சாரைப் பொருத்த ஏற்ற இடம் கியர் பாக்ஸின் ஆயில் சம்ப். சம்ப்பைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளை போட்டு, மரை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியில் இருக்கும்போதே துளையிட்டால் இரும்புத் தூள் உள்ளே போய்விடும். சில சென்சார்களுக்கு அதன் உடம்பே எர்த். அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் மீட்டர் தப்பாகக் காட்டும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனிலிருந்து, ஃபியூஸ் வைத்து இணைப்பு எடுக்க வேண்டும். வயர் சைலன்ஸர் பக்கம் போகக் கூடாது. வேலை முடிந்ததும் ஆயில் அளவையும் கசிவையும் பார்த்தே தீர வேண்டும். வாரன்டி உள்ள வண்டி என்றால், துளை போடும் முன் ஷோரூமில் கேட்டுக்கொள்வது நல்லது. பல புதிய வண்டிகளில் ஓ.பி.டி. சாக்கெட்டில் சிறு கருவியைச் செருகினாலே செல்போனில் இந்தச் சூட்டைப் பார்க்கலாம்.

சேற்றில் சிக்கினால்...

போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தார்ச்சாலையை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கினால் வேறு சோதனை. மழை பெய்தால் ஒரே சேறு. சிக்கிய வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். எங்கே கட்டுவது?

லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டிவைக்க, அடியில் மெல்லிய வளையங்கள் இருக்கும். அவை இழுப்பதற்கானவை அல்ல. பம்பரில் திருகும் வளையம், சமதளத்தில் நேராக, மெதுவாக இழுப்பதற்கு மட்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போடவே கூடாது. இறுகிய கயிற்றோடு உருண்டை அறுந்தால் குண்டு மாதிரி பறந்து வந்து ஆளைக் கொல்லும்.

உறுதியான கொக்கி சேஸில்தான் உட்கார வேண்டும். குறைந்தது 2 போல்ட். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்க வேண்டும். கொக்கி தாங்கும் எடை, பாரத்தோடு சேர்ந்த வண்டி எடையைப் போல 2 மடங்காவது இருக்கட்டும். கொக்கி பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. முன்பக்க புல் பார் சட்டவிரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. கொக்கி வைக்கிற சாக்கில் அதையும் மாட்டிவிட வேண்டாம். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கைப் போட்டு, கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் ஆட்களை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. ஆட்டோமேட்டிக் வண்டியைச் சேற்றிலிருந்து வெளியே எடுக்க மட்டுமே கொக்கி. இன்ஜின் நின்ற வண்டியைக் கட்டி மலையிறக்கினால், ஆயில் பம்ப் ஓடாமல் கியர் பாக்ஸ் போய்விடும். 4 சக்கரமும் மேலே ஏறும் ரெக்கவரி லாரியைக் கூப்பிடுவதே வழி.

சாயங்காலம். கூலி ஜீப்புகள் மறுபடி போடிமெட்டில் வரிசையாக இறங்குகின்றன. இறக்கத்திலும் கீழ் கியர்தான் காவல். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். முன்னால் போகும் ஜீப்பில் 10 வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் வருகிற வண்டி பழுதில்லாமல் இருந்தால்தான் அவர்களும் பத்திரமாக முந்தல் வந்து சேர முடியும்.