ஆளும் பையனும்

புனருத்தாரணம் என்ற வார்த்தைமீது எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். கோவில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லெழுத்தை மழுங்க வைத்தது அந்தப் பெயரில்தான். சிதைந்த பாட்டுக்குத் தாமே சீர் இட்டு நிரப்பி அச்சேற்றியதும் அந்தப் பெயரில்தான். ஜான் ரஸ்கின் 1849லேயே இதை எதிர்த்து எழுதினார். பழைய கட்டிடத்தைப் புதுப்பிப்பது என்பது அதை அழிப்பதற்கு இன்னொரு வழி என்பது அவர் கட்சி. வில்லியம் மாரிஸ் 1877ல் இதற்கென்று ஒரு சங்கமே அமைத்தார். சுவரைச் சுரண்டாதே என்பது கோஷமானதால் அதற்குச் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று பட்டப்பெயர் விழுந்தது. தமிழில் சொல்லும்போது இந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் வந்து சேர்ந்துகொள்கிறது. மாரிஸ் ஆட்சேபித்திருக்கமாட்டார். அந்தச் சுரண்டலையும் எதிர்த்தவர்தான்.

பி.ஏ.யில் இதையெல்லாம் பரீட்சைக்காகப் படித்தேன். இப்போது மூன்று மாதமாக, பாங்கிலிருந்து திரும்பிய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு பழைய புல்வெட்டி மிஷினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கையில் அது வந்து குறுக்கே நிற்கிறது.

மிஷின் என் தாத்தாவுடையது, அம்மாவின் அப்பா. 1951ல், பதினாலு வயதில், ஊரிலிருந்த கிளப் ஒன்றில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைக்காரர்கள் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. புல் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. 1984ல் கிளப் தன் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது மற்றவர்கள் கண்ணாடி பீரோ, பிரம்பு நாற்காலி என்று எடுக்க, இவர் இரும்பு எடைக்குப் பணம் கட்டி இதைத் தட்டுவண்டியில் ஏற்றி மன்னார்புரத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் புல்தரை என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. பாட்டி அதன் கைப்பிடியில் கரித்துணி காயப்போட்டாள். 2009ல் தாத்தா போனார். முப்பத்துமூன்று வருஷம் தன்னை இழுக்க வைத்த ஒன்றை ஒரு மனுஷன் ஏன் காசு கொடுத்து வாங்கினார் என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் வேலை, இது எது என்று கண்டுபிடிப்பது. பழைய ஏட்டுக்கு முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் செல்லரிக்கும்; பெயர் இருப்பது அங்கேதான். மிஷினுக்கும் அப்படி. மாடல் பெயரைத் தாங்கிவந்த புல்பெட்டி காணோம். மிஞ்சியது வார்ப்பிரும்புப் பக்கச் சட்டத்தில் புடைத்திருந்த சில எழுத்துகள். மண்ணெண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து, மூங்கில் சீவலால் கீறித் துப்புரவாக்கிய பிறகு ஸிம்ஸ் என்றும், அதற்கப்பால் ஜெஃப் என்றும், கீழே இப்ஸ்விச் என்றும் தெரிந்தது. இது போதும். இப்ஸ்விச்சின் ரான்ஸம்ஸ் கம்பெனி பங்காளிகள் மாறும்போதெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டது. 1869ல் ரான்ஸம்ஸ், ஸிம்ஸ் அண்ட் ஹெட். 1881ல் ஸிம்ஸ் இல்லை. 1884லிருந்துதான் ரான்ஸம்ஸ், ஸிம்ஸ் அண்ட் ஜெஃப்ரீஸ். ஆக 1884க்கு முன்னால் போகமுடியாது. உ.வே.சா. 1887ல் சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்காகச் சுவடி சுவடியாக ஒப்பிட்டு ஒரு சொல்லை நிச்சயித்ததோடு இதை வைத்துப் பேசுவது அதிகப்பிரசங்கம். ஆனால் சந்தோஷம் அதே ஜாதி.

இந்த மிஷினின் பூர்வோத்தரம் துணியில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பக்கம் கம்பளி ஆலைகள். நெய்து வந்த கம்பளியின் மேலே சிலும்பி நிற்கும் இழையைச் சமமாகக் கத்தரிக்கச் சுழலும் கத்தி உருளை ஒன்று அங்கே உண்டு. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுப் புல்லும் ஒரு துணிதானே என்று நினைத்தார். 1830ல் காப்புரிமை. 1832ல் அந்த உரிமத்தை வாங்கிக்கொண்டது ரான்ஸம்ஸ். அதுவரை கலப்பைக் கொழுவுக்குப் பேர்போன கம்பெனி. கனவான்கள் தாமே இதைத் தள்ளினால் தேகப்பயிற்சியாகவும் பொழுதுபோக்காகவும் இருக்கும் என்று பட்டிங் தம் காப்புரிமைப் பத்திரத்திலேயே சிபாரிசு செய்திருக்கிறார். திருச்சியில் எந்தக் கனவானும் அந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டதாகத் தாத்தா சொன்னதில்லை. 1902லேயே அதே ரான்ஸம்ஸ் பெட்ரோல் மோட்டார் வைத்த புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இங்கே ஐம்பது வருஷம் கழித்தும் கையால்தான். மோட்டாரைவிட ஆள் மலிவு.

கழற்றுவதில் சங்கடம் மரையில் வந்தது. பழைய பிரிட்டிஷ் சாமான் எல்லாம் விட்வொர்த் மரை. 1841ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த கணக்கு. பல்லின் கோணம் 55 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டுக்கு 60. 5/16 அங்குல போல்ட்டும் எட்டு எம்.எம். போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதில் அங்குலத்துக்குப் பதினெட்டுப் பல், இதில் இருபதுக்குச் சற்று மேலே. இரண்டு சுற்று ஒழுங்காக உள்ளே போகும், அப்புறம் இறுகி மரையைத் தின்றுவிடும். சில மொழிபெயர்ப்புகளைப் படிக்கையில் இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு இந்த அனுபவம் ஏற்படுகிறது.

எடமலைப்பட்டி புதூரில் லேத் வைத்திருக்கும் பாய்தான் பழைய மரையை வெட்டித் தர ஒப்புக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர். மிஷினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இரண்டு சட்டங்களையும் சேர்க்கும் முன்கம்பியில் பற்றவைத்திருந்த ஒரு கொக்கியிடம் நின்றார்.

"இது கம்பெனியில வந்ததில்ல தம்பி. நம்ம ஊர்ல வச்சது. ஆனா வெல்டிங்க பாருங்க, பட்டறையில படிச்ச கை."

பட்டறை என்றால் திருச்சியில் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து 1928ல் தென்னிந்திய ரயில்வே பட்டறை இங்கே வந்த பிறகு, ஊரில் பாதிக் கைகள் அங்கே படித்தவைதான்.

கொக்கி எதற்கு என்று அம்மாதான் சொன்னாள். பின்னால் ஒருவர் தள்ள, முன்னால் கயிறு கட்டித் தாத்தா இழுப்பார். பழைய விலைப்பட்டியல்களில் வெட்டும் அகலத்தை அங்குலத்தில் போட்டு, இந்த அளவுக்கு ஓர் ஆள், இந்த அளவுக்கு ஆளும் ஒரு பையனும் என்று பக்கத்தில் குறித்திருப்பார்கள். எங்களுடையது பதினாறு அங்குலம். அங்கத்திய மெல்லிய புல்லுக்கு ஓர் ஆள் போதுமாயிருக்கலாம். இங்கே லான் என்பது அருகம்புல். கம்பி மாதிரி ஓடும், சித்திரை வெயிலிலும் சாகாது, பிள்ளையாருக்கு அது உகந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆகவே ஒரு பையன் தேவைப்பட்டான். பையனுக்கு நாற்பத்தேழு வயது ஆகும்வரை அவனேதான் இழுத்தான். துருவைத் தேய்த்து எடுத்தபோது கொக்கியின் உள்வளைவில், கயிறு ஓடிய இடத்தில், விரல் நுனி பொருந்துகிற மாதிரி வழவழப்பான ஒரு பள்ளம். தாத்தாவின் இடது தோளில் அதற்கு ஜோடி இருந்தது, குளிக்கும்போது பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் விடுதி கட்டிவரும் ஒருவர் நாற்பதாயிரம் தருவதாகச் சொல்கிறார். வரவேற்பறையில் வைக்க. நிபந்தனை: பழைய பெயிண்டைச் சுரண்டி எறிந்து பளபளவென்று பச்சை அடிக்க வேண்டும், எழுத்துகளுக்குத் தங்க நிறம், கொக்கியை அறுத்துவிட வேண்டும். அது ஒரிஜினல் இல்லையாம். வாஸ்தவம். இப்ஸ்விச்சிலிருந்து கப்பலேறிய பொருளில் கொக்கி கிடையாது. சவுத்போர்ட்டில் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது; அங்கே போனால் கொக்கி இல்லாதவை எத்தனையோ பார்க்கலாம். கேள்வி, எந்தப் பிரதியை மூலம் என்று கொள்வது என்பது. ஆசிரியன் கையை விட்டுப் போனதையா, வாசகன் கையில் தேய்ந்ததையா? நான் இரண்டாவது கட்சி.

ஆனால் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்சியைச் சுலபமாகப் பேசிவிட முடியாது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவள் அம்மா. நூற்றாண்டுக்கணக்காக அடித்தளத்தோடு நின்றுபோனதை 1987ல் பதின்மூன்று நிலைக் கோபுரமாக்கி முடித்தார்கள். மொட்டையாக நின்றதும் ஒரு சரித்திரம்தானே என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். "மழை பெஞ்சா அதுக்குக் கீழ நின்னிருக்கியா நீ?" என்றாள்.

மாமாவின் ஆட்சேபம் இன்னும் கடுமை. கொக்கியை அறுக்கச் சம்மதம் இல்லை என்றதும், "எங்கப்பா பட்ட கஷ்டத்த நீ கண்காட்சி வைக்கப் போறியா? கயித்த நீயா இழுத்த?" என்று கேட்டார். மாடிச் சுவரின் ஒழுக்கு அந்த நாற்பதாயிரத்தில் அடைபட்டுவிடும் என்பதையும் சொன்னார். நியாயமான விமர்சனம். இழுக்காதவனுக்குத் தழும்பு ஒரு அழகியல் பொருளாகிவிடுகிற அபாயம் உண்டு. நம் கவிதைகளில் ஏழைகள் எதற்காக வருகிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். ஆனால் அறுத்தெறிந்தால் கஷ்டம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும், வரவேற்பறையில் காப்பி குடிப்பவருக்கு வேண்டியதும் அதுதான். தாத்தா மறந்துவிட நினைத்திருந்தால் ஏலத்தில் பிரம்பு நாற்காலியை எடுத்திருப்பார். இந்த என் வாதத்தை மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

பெயிண்டைச் சுரண்டவில்லை. ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அடுக்கடுக்காக நீவிப் பார்த்தேன். பச்சை, அலுமினியம், மறுபடி பச்சை, சிவப்பு ஆக்ஸைடு. அப்படியே விட்டு எண்ணெய் துடைத்தாயிற்று. வேலை செய்ய வேண்டிய பாகங்களை மட்டும் வேலை செய்ய வைக்கிறேன். சுழலும் ஐந்து கத்திகளும் கீழே நிற்கும் தட்டைக் கத்தியை ஓரத்துக்கு ஓரம் உரசியும் உரசாமலும் தொடவேண்டும், கத்தரிக்கோல் சூத்திரம். கிரைண்டிங் பேஸ்ட் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுற்றச் சுற்ற இரண்டும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். நான்கு நாள் சுற்றினேன். பார்வை பார்க்கக் காகிதம்தான் வைக்க வேண்டும். என்னிடம் பாங்கின் பழைய செலான் கட்டு இருக்கிறது. இடது ஓரத்திலும் நடுவிலும் செலான் சுத்தமாக வெட்டுப்படுகிறது. வலது ஓரத்தில் மடங்கி நழுவுகிறது. அந்தப் பக்கத்து அட்ஜஸ்ட்மென்ட் போல்ட் பாயிடம் மரை வெட்டக் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.