ஒரு துடுப்புப் பலகையும் மூன்று கொட்டேஷன்களும்

போன சீசனில் மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் எல்லாரும் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்தார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் மிதிபடகு ஏறினோம். அரை மணி நேரம் மிதித்ததில் எனக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். இறங்கியதும் பேரன், "தாத்தா, உக்காந்துட்டே போறது போர். நின்னுட்டே துடுப்பு போடுற போர்டு இருக்கு. அப்பா வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க" என்றான். மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட முகம்.

என் மனைவி படகில் ஏறவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி 48 வருடம் ஆகிறது. அருவியில் தலை கொடுப்பாள், குளத்தில் கால் வைக்க மாட்டாள். காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு என்று அதற்குப் பெயர். ஹவாய்த் தீவில் தொடங்கி, கடந்த இருபது வருடத்தில் உலகமெல்லாம் பரவிய விளையாட்டு. நம் கோவளத்து மீனவர் சேகர் பச்சை இதில் தேசியப் பட்டங்கள் வாங்கியிருக்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதை நான் 1960 வாக்கிலேயே வைத்திக்குப்பம் கடற்கரையில் பார்த்திருக்கிறேனே! கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு போட்டு அலையைத் தாண்டிப் போவார்கள். பக்கச் சுவர் கிடையாது. தண்ணீர் மேலே ஏறும், இடுக்கில் இறங்கிப் போகும், மரம் மூழ்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்துக் காயப்போடுவார்கள். இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒருநாள் 'திக்தே' வகுப்பில், அதாவது சொல்வதெழுதுதலில், 'கத்தமரான்' என்ற வார்த்தை வந்தது. இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு என்று ஆசிரியர் விளக்கம் சொன்னார். எழுத்துப்பிழையில்லாமல் எழுதினேன். அது நம் கட்டுமரம்தான் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அது புரிய எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது.

போகட்டும். மாப்பிள்ளை தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் தள்ளினார். "மாமா, நீங்க ஆபீஸ்ல எத்தனை டெண்டர் பாத்திருப்பீங்க" என்றார். ஐஸ் வைக்கிறார் என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். ரூல் போட்ட தாள் எடுத்து மூன்று பலகைகளுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வேலை செய்ததில்லை.

மூன்றும் காற்றடைக்கும் ரகம். கெட்டிப் பலகை பத்தடிக்கு மேல் நீளம். அதை மாடியில் வைக்கவும் இடமில்லை, ரயிலில் கொண்டுவரவும் முடியாது. காற்றுப் பலகையைச் சுருட்டினால் ஒரு பெரிய முதுகுப்பை, பத்துக் கிலோ. காற்றடைத்தால் பலூன் மாதிரி உருண்டுவிடாதா என்று கேட்பீர்கள். மேல் விரிப்பையும் கீழ் விரிப்பையும் ஆயிரக்கணக்கான நூல்கள் உள்ளுக்குள்ளேயே இழுத்துப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் தட்டையாக, மரப்பலகை மாதிரி விறைத்து நிற்கிறது.

முதல் கொட்டேஷன் 12 அடி 6 அங்குலம், ஒடுக்கமானது, வேகமாகப் போவது. நமக்கு எதற்குப் பந்தயம், தள்ளுபடி. இரண்டாவதுதான் விலை குறைவு. அரசாங்க விதிப்படி அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் தடிப்பு நாலே அங்குலம். மாப்பிள்ளை 92 கிலோ. அவர் நடுவில் நின்றால் பலகை தொட்டில் மாதிரி வளையும். மூன்றாவது 10 அடி 6 அங்குல நீளம், 34 அங்குல அகலம், 6 அங்குலத் தடிப்பு, 130 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை நிற்க, 24 கிலோ பேத்தி முன்னால் உட்கார்ந்தால் 116. விலை 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 'விலை கூடுதலாயினும் ஏற்கத்தக்கது' என்று குறிப்பெழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தத் தாளை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தாள்.

"நீளம் அகலம்லாம் எழுதியிருக்கீங்க. காத்து அடிச்சா எங்க கொண்டுபோவும்னு எழுதலையே?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவள் தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆடி மாசம், கார் நடவு முடிந்து குளம் நிறைந்து கிடந்தது. வாழைத்தண்டு நாலைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் என்று ஏறியிருக்கிறான். மேற்கே ஆழமில்லாத உள்வாயில்தான் விளையாடினான். மேல்காற்று தெப்பத்தைக் கிழக்கே ஆழத்துக்குத் தள்ளிவிட்டது. பயந்துபோய் தெப்பத்தை விட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே எதிர்க்காற்றில் நீந்தப் பார்த்தான்.

"தெப்பம் தானா வந்து மடைப் பக்கம் கரையில ஒதுங்கிச்சு. விடாம பிடிச்சிருந்தா அவனும் வந்திருப்பான்" என்றாள். 48 வருடத்தில் இந்தக் கடைசி வரியை அவள் என்னிடம் சொன்னதில்லை.

அன்று ராத்திரி தூங்காமல் மறுபடி வாசித்தேன். கூடக் கிடைத்த கையேட்டின் ஆங்கிலப் பக்கம் மொழிபெயர்ப்பு மாதிரி இருந்தது, பிரெஞ்சுப் பக்கம் தெளிவாக இருந்தது. அறுபது வருடத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு வீட்டுக்கு உபயோகப்பட்டது! நாம் எல்லாவற்றையும் லைஃப் ஜாக்கெட் என்கிறோம். பிரெஞ்சில் இரண்டு தனிப் பெயர்கள் இருக்கின்றன. 50 நியூட்டன் என்று அச்சிட்டது வெறும் 'மிதக்க உதவி', நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும். 100 நியூட்டன்தான் உயிர்காப்புச் சட்டை. நீந்தத் தெரியாதவரை முகம் மேலே இருக்கும்படி திருப்பிப் போடுவதற்காகச் செய்தது. மாப்பிள்ளை பட்டியலில் சேர்த்திருந்த நாலும் 50. பேத்தி இன்னும் நீச்சல் பழகிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது கால் கயிறு. லீஷ் என்கிறார்கள். பலகையின் பின்பக்கத்திலிருந்து கணுக்காலுக்கு வரும் சுருள் கயிறு. பலகையோடு இனாமாக வரும் சாமான் என்று என் பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. விழுந்தால் பத்துக் கிலோப் பலகையைக் காற்று ஒரு நொடியில் அடித்துக்கொண்டு போகும், ஆள் பின்னால் நீந்திப் பிடிக்க முடியாது. கயிறு இருந்தால் பலகை உங்களை விட்டுப் போகாது. காற்று எதிர்த்தால் நிற்கக் கூடாது, நிற்கிற ஆள் பாய்மரம் மாதிரி. மண்டியிட வேண்டும், முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் துழாவ வேண்டும். எது நடந்தாலும் பலகையை விடக் கூடாது. நமக்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றைத் தென்காசிப் பெரிய கோயில் வாசலில் வாங்காதவர் யார்?

ஓடுகிற தண்ணீரில் அதே கயிறு எமன். பாறையிலோ கிளையிலோ சிக்கினால் கணுக்காலை அவிழ்க்க விடாது. அதனால் சிற்றாறு, அருவித் தண்ணீர் ஓடும் இடம் எதிலும் பலகை கிடையாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனது யாருக்கும் மறந்திருக்காது.

பட்டியலைத் திருப்பி எழுதினேன். பலகை அதே மூன்றாவதுதான். ஆனால் முதல் வரியில் கயிறு இரண்டு, ஒன்று அறுந்தால் மாற்றுக்கு. இரண்டாவது வரியில் 100 நியூட்டன் சட்டை, சின்னது இரண்டு, பெரியது மூன்று. "மூணு எதுக்கு மாமா? நானும் அவளும்தானே" என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

பொங்கல் லீவில் வந்தார்கள். குளம் மைத்துனர் வயலை ஒட்டியது, வேறு குளம். மீன் குத்தகை எடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டு, வலை இல்லாத பக்கமாகக் காலை ஏழு மணிக்குப் போனோம். பம்பு அடிக்கவே பத்து நிமிஷம். மானியில் 15 பிஎஸ்ஐ காட்டுவதற்குள் மாப்பிள்ளைக்கு அன்றைய உடற்பயிற்சி முடிந்துவிட்டது. அடித்ததை வெயிலில் போட்டுவைக்கக் கூடாது, சூட்டில் காற்று விரிந்து தையல் விடும். துடுப்பு நம் உயரத்தைவிட ஒரு சாண் கூட இருக்க வேண்டும். அதன் அலகு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் போராடினார். பேரன் எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது.

மனைவி கரையில் நின்றாள். குனிந்து ஒரு பிடி மண் எடுத்து விரலிடுக்கில் விட்டுப் பார்த்தாள். நேராகக் கீழே விழுந்தது. பிறகு பேரன் காலைப் பிடித்துக் கயிற்றுப் பட்டையை அவளே கட்டி, வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "ஆச்சி, வலிக்குது" என்றான். "வலிக்கட்டும்" என்றாள்.

எட்டரை மணிக்கு மண் கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. கையைத் தூக்கி எல்லாரையும் கரைக்கு வரச் சொன்னாள். இன்னும் அஞ்சு நிமிஷம் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது பெரிய சட்டை பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறது. மே மாதம் இங்கே குளம் வற்றிவிடும், பலகை பாண்டிச்சேரிக்குப் போய்ச் சுண்ணாம்பாற்றில் மிதக்கும். கோடை லீவுக்கு நாங்களும் அங்கேதான். நேற்று பெட்டி அடுக்கும்போது, "அந்தச் சட்டை எத்தனை கிலோ ஆளுக்குன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள். எடுத்து வாசித்துச் சொன்னேன்.